திருகுகிறவன் கேட்கக் கூடாது

ஜமால் எங்கள் வானொலி நிலையத்தில் எனக்கு ரொம்பப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர். இன்னும் பணியில் இருக்கிறார். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த அவருடைய அண்ணன் ஒரு ரெக்கார்டு பிளேயரைக் கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு எந்த போனோ ப்ரீஆம்ப் வாங்கலாம் என்று நிலையத்து வாட்ஸ்அப் குழுவில் ஜமால் என்னைக் கேட்டிருந்தார். நீங்கள்தான் டிஸ்க் ரூமில் இருந்தவர், ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றும் எழுதியிருந்தார்.

ஒரு வார்த்தையில் சொல்லிவிடத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. ஏனென்றால் கும்பகோணத்தில் என் வீட்டு மேஜையிலும் இதே கேள்வி இரண்டு அட்டைப் பெட்டிகளாக உட்கார்ந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமை இல்லாதவர்கள் வழக்கம்போல் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். ரெக்கார்டின் வரிப்பள்ளத்தில் ஊசி ஓடும்போது உண்டாகிற மின்சாரம் மிகக் கொஞ்சம். சாதாரண ஆம்ப்ளிஃபயருக்கு அது காதிலேயே விழாது. போதாக்குறைக்கு, ரெக்கார்டு தயாரிக்கும்போதே கனத்த ஒலிகளைச் சிறிதாக்கி, கீச்சொலிகளைப் பெரிதாக்கித்தான் வெட்டியிருப்பார்கள். அப்படிச் செய்யாவிட்டால் ஒரு பக்கத்தில் இரண்டு பாட்டுகூடக் கொள்ளாது. இதைத் திரும்பச் சரிக்கட்டி, பெரிதாக்கிக் கொடுக்கிற சின்னப் பெட்டிதான் ப்ரீஆம்ப். அதற்கு நல்லது கெட்டது தெரியாது. பாட்டு வந்தால் பாட்டைப் பெரிதாக்கும், குப்பை வந்தால் குப்பையைப் பெரிதாக்கும். குப்பைகளில் முதலிடம் கரண்டின் உறுமலுக்கு. பாட்டுக்கு அடியில் ‘ம்ம்ம்’ என்று ஓடிக்கொண்டே இருக்கும். நிலையத்தில் அதை ஹம் என்போம். என் மனைவி கோமதி வண்டு என்பாள்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஊர் ஊராக அனுப்பினார்கள். ஈயம் உருக்கிப் பற்றவைக்கவும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கவும் கற்றுக்கொண்டேன். பிறகு டெல்டாவுக்கே மாற்றல் கிடைத்தது. நிலையம் ஒரு வாய்க்காலை ஒட்டி இருந்தது. முன்வாசலில் தார் ரோடு, பின்பக்க ஜன்னலைத் திறந்தால் வயல். ரெக்கார்டுகளை ஓடவிடுகிற டிஸ்க் ரூம் பின்பக்கம்தான்.

அங்கே எனக்கு மேலதிகாரி சென்னியப்பன் சார். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். யாரையும் ஒருமையில் கூப்பிட மாட்டார். பெருக்க வருகிற அம்மாவிலிருந்து நிலைய இயக்குநர் வரை எல்லோருக்கும் ஒரே ‘ஏனுங்க’தான். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அவர் அறைக்குள் வந்தால் நாங்கள் வாயைத் திறக்க யோசிப்போம். காரணம், அவர் முன்னால் ‘கொஞ்சம்’, ‘லேசா’, ‘பரவாயில்லை’ என்ற சொற்களுக்கு இடம் கிடையாது. ஹம் இருக்கிறதா என்று கேட்டால் ஒன்று இருக்கு, அல்லது இல்லை. நான் ஒருமுறை லேசாக இருப்பதுபோல் இருக்கிறது என்று இழுத்தேன். அவர், “லேசா இருக்குன்னாலும் இருக்குத்தானுங்களே?” என்றார்.

ஊழியர்கள் அவருக்கு ‘இருக்கா இல்லையா சார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவருக்கும் தெரியும். கேட்டும் கேட்காததுபோல் போவார். நன்றாகக் கேட்கிற காதுள்ள மனிதருக்கு அது பெரிய சிரமமாகத்தான் இருந்திருக்கும்.

அவருடைய வேலை முறை ஒன்று உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன். ஏதாவது பழுது என்றால் எப்போதும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டிஸ்க் ரூமில் கருவியின் முன்னால் நின்று கழற்றுவார், மாட்டுவார், திருகுவார். இன்னொருவர் நடைக்கு அந்தப் பக்கம் உள்ள அறையில், ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே எதைத் திருகுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியக் கூடாது. உள்ளேயிருந்து ஒரு தட்டுத் தட்டினால், இருக்கு அல்லது இல்லை என்று அங்கிருந்து குரல் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். “திருகுறவரு கேக்கக் கூடாதுங்க, கேக்கறவரு திருகக் கூடாதுங்க” என்பார். திருகினவனுக்குத் தான் திருகியதால் சரியாகிவிட்டது என்றுதான் தோன்றும், காது மனசு சொன்னதைக் கேட்கும் என்பது அவர் கணக்கு. ஆள் பற்றாக்குறை நாட்களில் இது எங்களுக்குப் பெரிய ரோதனை. ஒரு திருகாணிக்கு இரண்டு சம்பளமா என்று முணுமுணுப்போம்.

ஒரு கோடையில் நிலையத்துக்குப் போன் வந்தது. நன்னிலம் பக்கத்து விவசாயி ஒருவர். காலை இசை நிகழ்ச்சியில் பாட்டுக்கு அடியில் மோட்டார் ஓடுகிற சத்தம் வருகிறதாம். தன்னுடைய போர் மோட்டார்தான் என்று நினைத்து, வயலுக்குப் போய் அதை நிறுத்திவிட்டு வந்து கேட்டாராம். அப்போதும் ஓடியதாம். “எங்க மோட்டார நிறுத்திட்டேங்க, நீங்க உங்க மோட்டார நிறுத்துங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சென்னியப்பன் சார் சிரிக்கவில்லை. தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கிற வயலில் மோட்டாரை நிறுத்திவிட்டு ஒருவர் பாட்டுக் கேட்டிருக்கிறார் என்பதே அவருக்கு உறைத்தது.

அந்த ஹம்மைத் தேடினோம் பாருங்கள், அதுபோல் என் வேலைக் காலத்தில் வேறெதையும் தேடியதில்லை. நான் உள்ளே, அவர் நடைக்கு அப்பால். ஊசியை ரெக்கார்டிலிருந்து தூக்கிவிட்டுத் தட்டினேன். இருக்கு. ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜையே கழற்றிவிட்டுத் தட்டினேன். இருக்கு. ப்ரீஆம்பின் வாயை ஒயர் போட்டு அடைத்தேன். இருக்கு. கேபிளை மாற்றினேன், அறையின் டியூப் லைட்டை அணைத்தேன், மின்விசிறியை நிறுத்தி வேர்க்க விறுவிறுக்க நின்றேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்றலாம், மாற்றியதைப் பழையபடி வைத்த பிறகுதான் அடுத்தது. இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது காரணம் என்று எப்படித் தெரியும்? அவர் குரல் ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வந்தது. இருக்கு. இருக்கு. இருக்கு. சலிப்பே இல்லாமல் அதை எப்படிச் சொன்னார் என்று இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாக இருக்கிறது.

கடைசியில் ப்ரீஆம்ப்தான் கெட்டிருக்க வேண்டும் என்று முடிவாகி, புதியது கேட்டு எழுதி, அது வந்தும் சேர்ந்தது. மாட்டினேன். தட்டினேன். நடைக்கு அப்பாலிருந்து, “இல்லைங்க” என்று வந்தது. அந்த ஒரு சொல்லுக்கு நான் டிஸ்க் ரூமில் தனியாக நின்று கையைத் தட்டினேன். இயக்குநர் எல்லோருக்கும் டிகிரி காபி வரவழைத்தார்.

சென்னியப்பன் சார் காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, பழைய ப்ரீஆம்பைத் திரும்ப மாட்டச் சொன்னார். எதற்கு இந்த மனிதர் வேலியில் போகிற ஓணானைப் பிடிக்கிறார் என்று எனக்குக் கோபம். மாட்டித் தட்டினேன்.

“பழசுலயும் இல்லைங்களே” என்றார்.

உள்ளே வந்தார். பின்பக்க ஜன்னலருகே போய் நின்று காபியைக் குடித்தார். குடித்து முடித்துவிட்டு, “வாய்க்கால்ல தண்ணி எப்ப வந்ததுங்க?” என்று கேட்டார்.

அன்று காலையில்தான் வந்திருந்தது. ஆற்றில் திறந்துவிட்ட தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்து, கரையெல்லாம் கசிந்து ஈரமாகியிருந்தது. எங்கள் எர்த் குழி அந்தக் கரையை ஒட்டித்தான் இருந்தது. உப்பும் கரியும் போட்டு, குழாய் இறக்கி, கருவிகளில் கசிகிற மின்சாரமெல்லாம் மண்ணுக்குள் போய்விடும்படி செய்த குழி. கோடையில் அந்த மண் பாளம் பாளமாக வெடித்துக் காய்ந்துவிட்டது. காய்ந்த மண் மின்சாரத்தை வாங்கிக்கொள்ளாது. வாங்கிக்கொள்ளாதது திரும்பி வந்து பாட்டுக்கு அடியில் உறுமியிருக்கிறது. ப்ரீஆம்பின் மேல் தப்பே இல்லை. புதுசு வந்த அன்றே தண்ணீரும் வந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையிலும் எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது டிஸ்க் ரூம் டியூட்டியில் சேர்ந்தது. சார் நாற்று விட்டிருக்கிறார், நடவுக்கு ஆள் கூப்பிடப்போகிறார் என்று கிண்டல் செய்தார்கள். நன்னிலத்துக்காரரின் போன் மறுபடி வரவில்லை. நான் பணியில் இருந்த வரை தண்ணீர் ஊற்றாத கோடை இல்லை.

ஓய்வு பெற்றதும் கும்பகோணத்து வீட்டில் ஒரு ரெக்கார்டு பிளேயரும், நானே பற்றவைத்துச் செய்த ஒரு ப்ரீஆம்பும், ஒரு அலமாரி ரெக்கார்டுகளும் மிச்சம். கோமதிக்குப் பாட்டில் பெரிய நாட்டம் கிடையாது. பள்ளிக்கூடத்து வாத்தியார், நாளெல்லாம் சத்தத்தில் இருந்துவிட்டு வந்தவள். ஆனால் எனக்கு நடைக்கு அப்பால் ஒரு ஆள் வேண்டுமே. அவள் சமையலறையில் இருப்பாள். நான் கூடத்தில் எதையாவது திருகிவிட்டுச் சுவரைத் தட்டுவேன். ‘வண்டு இருக்கு’, ‘வண்டு இல்லை’ என்று பதில் வரும். ஒருநாள் சுவிட்சே போடாமல் தட்டிப் பார்த்தேன். “வண்டு இல்லை, சாப்பிட வாங்க” என்றாள். இத்தனை நாளாக இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தாயா என்று கேட்டால், சாம்பாரைக் கிளறிக்கொண்டே சிரித்தாள். சென்னியப்பன் சாரிடம் அவள் ஒருநாள்கூட வேலை பார்த்திருக்க முடியாது.

அவள் போய்விட்டாள். முதல் கோடையில் மகள் மீனா என்னை ஹைதராபாத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தன்னோடு வைத்துக்கொண்டாள். இது இரண்டாவது கோடை. இங்கேயே இருக்கிறேன். மெஸ்ஸிலிருந்து இரண்டு வேளை கேரியர் வருகிறது. பகலில் பேச ஆள் இல்லை. மாலையில் பேச ஆள் இல்லை என்பதை ரெக்கார்டு போட்டு மறைத்துக்கொள்கிறேன். இந்தச் சித்திரையில் ஒரு மாலை ஊசியை வைத்தேன். ஆலாபனைக்கு அடியில் வண்டு.

நான் செய்த ப்ரீஆம்புக்கு வயதாகிவிட்டது, கெபாசிட்டர் காய்ந்திருக்கும் என்று முடிவு கட்டினேன். ஆன்லைனில் இரண்டு வரவழைத்தேன். ஒன்று உள்ளங்கை அளவு, உள்ளே ஒரு சில்லு. இன்னொன்று பழைய ரேடியோவில் இருப்பதுபோல் கண்ணாடி வால்வு வைத்தது, போட்டால் ஆரஞ்சு வெளிச்சம் வரும், பார்க்க அழகு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கெடுவுக்குள் திருப்பி அனுப்பிவிட வேண்டும். எதை வைத்துக்கொள்வது? மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். வால்வில் குறைவாக இருப்பதுபோல் இருந்தது. அது விலை கூடியது, மனசு அதன் பக்கம். மறுநாள் சின்னதில் குறைவாக இருந்தது. அது சிக்கனம், மனசு அதன் பக்கம். உண்மையில் மூன்றிலுமே வண்டு இருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் புதுசில் இருக்காது என்று உள்ளே ஒன்று அடம் பிடித்தது. திருகுவதும் நான், கேட்பதும் நான். போட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடிப்போய் நின்றும் பார்த்தேன். அங்கே போய் நின்றாலும் அது நான்தானே.

கேரியர் கொண்டுவருகிறவரை நிறுத்திக் கேட்கச் சொன்னேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே வாசலில் நின்று கேட்டுவிட்டு, நல்லா இருக்கு சார் என்றார். இருக்கா இல்லையா என்றேன். நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

கடைசியில் மீனாவுக்கு வாட்ஸ்அப்பில் போன் போட்டு, போனை ஸ்பீக்கர் முன்னால் வைத்தேன். முதலில் வால்வு. எதுவும் கேட்கவில்லை என்றாள். சந்தோஷமாக இருந்தது. சின்னதைப் போட்டேன். அதிலும் இல்லை என்றாள். சந்தேகத்தோடு பழையதையே மாட்டினேன். என் முகத்துக்கு நேரே உறுமிக்கொண்டிருக்கிறது, அதிலும் இல்லை என்கிறாள். நடுநடுவே, “அப்பா, இருக்கீங்களா?” என்று வேறு கேட்டுக்கொண்டிருந்தாள். நான் இருப்பது இருக்கட்டும், ஹம் இருக்கா சொல் என்று அதட்டினேன். ரெக்கார்டையே ஓடவிட்டேன். பாட்டும் ஏதோ வந்து வந்து போகிறது என்றாள்.

பிறகுதான் விளக்கினாள். இந்தக் காலத்துப் போன் பேசுகிறவரின் குரலைத் தவிர மற்றதையெல்லாம் குப்பை என்று வடிகட்டிவிடுமாம். பக்கத்தில் மிக்ஸி ஓடினாலும் அவளுடைய அலுவலக மீட்டிங்கில் யாருக்கும் தெரியாதாம்.

“அப்ப உனக்கு என்னதான் கேக்குது?” என்றேன்.

“நீங்க பேசறது மட்டும்தான்ப்பா. நீங்க பேசலைன்னா லைன் கட்டாயிட்ட மாதிரி இருக்கு. பயமா இருக்கு, அதான் கேட்டேன்.”

அவளே பேச்சை மாற்ற நினைத்திருக்க வேண்டும். தெரிந்தவர் யாரோ ஹைதராபாத் வருகிறார்களாம், அம்மா வைத்த செடியிலிருந்து கறிவேப்பிலை பறித்துக் கொடுத்தனுப்ப முடியுமா, அங்கே வாங்குவதில் வாசனையே இல்லை என்றாள். போனோடு கொல்லைக்குப் போனேன்.

செடி காய்ந்து குச்சியாக நின்றது. அதன் அடியில், கையகல இடைவெளியில், எங்கள் வீட்டு எர்த் குழாய் தலை நீட்டிக்கொண்டிருந்தது. வீடு கட்டும்போது நானே இடம் பார்த்துப் போடச் சொன்னது. சமையலறைக்குப் பின்னால் எப்போதும் ஈரம் இருக்கும் என்றுதான் அங்கே போட்டேன். அதன் பக்கத்தில் போய்க் கோமதி செடி வைத்தபோது, உப்புப் போட்ட குழிக்குப் பக்கத்தில் எந்தச் செடி வரும் என்று சண்டை போட்டேன். அவள் காதில் வாங்கவில்லை. தினமும் அரிசி களைந்த தண்ணீரை அதற்கு ஊற்றினாள். செடி வந்தது, நெஞ்சு உயரத்துக்கு வளர்ந்தது. அவள் இருந்தவரை வண்டு வந்தாலும் தங்காததற்கு என் கைவேலைதான் காரணம் என்று நான் நினைத்திருந்தேன். இப்போது மெஸ் சாப்பாடு. இந்த வீட்டில் அரிசி களைந்து ரொம்ப நாளாகிறது.

“செடி எப்படிப்பா இருக்கு?” என்று மீனா கேட்டாள்.

“காஞ்சு போச்சும்மா” என்றேன். அதைச் சொல்லும்போது அழுதுவிட்டேன். அவளுக்குக் கேட்டிருக்கும். அது குரல்தானே, போன் வடிகட்டியிருக்காது.

பைப்பைத் திறந்து, வாளி வாளியாக எடுத்து அந்தக் குழியில் ஊற்றினேன். மண் உறிஞ்சியது, உறிஞ்சிக்கொண்டே இருந்தது. மறுநாளும் ஊற்றினேன். பழைய ப்ரீஆம்பை மாட்டி, ரெக்கார்டு எதுவும் போடாமல் ஒலியை மட்டும் ஏற்றிவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வண்டு இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் தண்ணீர் ஊற்றியவன் நான். அதுவும், அவள் ஊற்றிய தண்ணீர்தான் இத்தனை நாள் அதை அடக்கி வைத்திருந்தது என்று இருந்துவிட்டால் தேவலை என்று ஆசைப்படுகிறவன். இப்படிப்பட்டவன் சொல்லும் ‘இல்லை’யைச் சென்னியப்பன் சார் ஒரு காலத்திலும் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

ஆகவே, ஜமால், உங்கள் கேள்விக்குப் பதில். உங்கள் அண்ணன் கொடுத்த பிளேயரில் சாதாரண கார்ட்ரிட்ஜ்தான் இருக்கும், அதற்கு ஆடம்பரப் பெட்டி எதுவும் தேவைப்படாது. பிளேயரிலிருந்து வருகிற மெல்லிய எர்த் ஒயரைப் ப்ரீஆம்பின் திருகாணியில் மறக்காமல் முடுக்குங்கள். வீட்டு எர்த் குழியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகும் வண்டு இருந்தால் மட்டும் விலை கூடிய பெட்டிக்குச் செலவு செய்யுங்கள்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்பகோணத்துக்கு பஸ் ஏறி வாருங்கள். பெட்டிகளைத் திருப்பி அனுப்புகிற கெடு முடிவதற்குள் வந்தால் நல்லது. முடிந்த பிறகு வந்தாலும் சரிதான், ஒன்றை நீங்களே எடுத்துக்கொண்டு போகலாம். நான் கூடத்தில் திருகுகிறேன், நீங்கள் சமையலறையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு இருக்கு, இல்லை என்று சொல்ல வேண்டும். வேறு வேலை இல்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு மெஸ் வேண்டாம், நானே அரிசி களைந்து வைக்கிறேன். போனிலேயே கேட்டுச் சொல்லிவிடுகிறேன் சார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.